பிரசங்க மேடையேறிய மனைவி

1860 ஆம் ஆண்டு மே மாதம், பெந்தெகொஸ்தே ஞாயிறு. வட இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரிலுள்ள மெதடிஸ்த தேவாலயம் ஒன்றில் காலை ஆராதனை முடியும் தறுவாயில் இருந்தது. போதகர் வில்லியம் பூத் தமது பிரசங்கத்தை நிறைவு செய்திருந்தார். அவ்வேளையில் அவரது மனைவி கதரின் தமது ஆசனத்தை விட்டெழுந்து மேடையை நோக்கி நடந்தார். மனைவிக்கு ஏதோ சுகவீனம் என எண்ணிய கணவர் முன்சென்று விசாரித்தார். தாம் பேச விரும்புவதாக மனைவி தெரிவித்தார். ஏறக்குறைய ஆயிரம் பேர் கூடியிருந்த அச்சபையில், பெண் என்ற கூச்சத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு இறைவனின் அழைப்பை இத்தனை காலமும் தட்டிக் கழித்து வந்ததாக அவர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அன்று மாலைப் பிரசங்கத்தையும் அவரே நிகழ்த்துவார் எனக் கணவரே அறிவித்தார். அப்போது கதரினுக்கு வயது 31. வீட்டில் நான்கு பிள்ளைகள். கடைசிக் குழந்தைக்கு ஐந்து மாதங்கள்கூட நிறைந்திருக்கவில்லை.

இது ஏதோ பழங்கதை என நாம் தள்ளிவிடுவதற்கில்லை. வேதாகமத்தின் எழுத்தையே இறுதி அதிகாரமாகக் கொள்ளும் சுவிசேஷத் திருச்சபைகளில், பெண் மேடையேறிப் போதிக்கலாமா, மனைவி கணவனுக்கு அடங்கியே இருக்க வேண்டுமா என்ற வினாக்கள் இன்றும் சபைகளைப் பிளந்து வருகின்றன. அமெரிக்காவின் மிகப் பெரிய புரட்டஸ்தாந்து அமைப்பான தென் பப்திஸ்த மாநாடு, மனைவி கணவனின் தலைமைக்குப் பணிய வேண்டும் என 1998 இலும், போதகர் பதவி ஆண்களுக்கு மட்டுமே உரியது என 2000 இலும் தனது விசுவாச அறிக்கையில் எழுதிக்கொண்டது. பெண்ணொருவரைப் போதகராக ஏற்ற சடில்பாக் சபையை 2023 இல் அது வெளியேற்றியது. இதே வேதாகமத்தையே கையில் ஏந்தி இவ்வினாக்களுக்கு வேறு விடை கண்டவர் கதரின் பூத். அவர் கண்ட விடை எதுவரை சென்றது, எங்கே நின்றது என்பதே நமது அக்கறை.

1829 ஜனவரி 17 ஆம் திகதி டார்பிஷயர் மாவட்டத்தின் ஆஷ்போர்ன் என்ற சிற்றூரில் பிறந்த கதரின் மம்போர்ட், நோயாளிப் பிள்ளையாகவே வளர்ந்தார். முதுகெலும்புக் கோளாறு காரணமாகப் படுக்கையில் கழித்த நாட்களில் சமய நூல்களையும் திருச்சபை வரலாற்றையும் அவர் விரிவாகக் கற்றார். கல்லூரி வாசலை மிதியாத இப்பெண், இலண்டனில் தமது சபைப் போதகரான டேவிட் தோமஸ் பெண்ணினத்தைத் தாழ்த்தும் கருத்தொன்றைப் பிரசங்கத்தில் கூறியபோது, அதனை மறுத்து அவருக்கே நீண்ட கடிதம் எழுதினார். பெண்ணிடம் காணப்படும் குறைகள் இயற்கையால் வந்தவையல்ல, கல்வி மறுக்கப்பட்டதால் வந்தவையே என்பது அவரது வாதம். பின்னர் 1855 ஜூன் 16 இல் கதரினுக்கும் வில்லியமுக்கும் திருமணம் நடத்தி வைத்தவரும் அதே போதகர்தாம்!

வருங்காலக் கணவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. பெண் பிரசங்கிப்பதைத் தடுக்கவும் மாட்டேன், ஊக்குவிக்கவும் மாட்டேன் என்ற நிலையிலேயே வில்லியம் இருந்தார். பெண்ணுக்கு உள்ளமும் ஆணுக்கு அறிவும் அதிகம் என்பதும் அவரது எண்ணமாக இருந்தது. திருமணத்துக்குச் சில வாரங்கள் முன்னர் கதரின் எழுதிய கடிதம் இவ்வெண்ணத்தை முற்றாக மறுத்தது. இல்லறத்துக்கென அவர் வகுத்துக்கொண்ட விதிகளும் நோக்கத்தக்கவை. இருவருக்குமிடையில் இரகசியம் இருக்கலாகாது. பணப்பை இரண்டாக இருக்கலாகாது. கருத்து வேறுபட்டால் உடன்பாடு காணும்வரை பேச வேண்டும். பிள்ளைகள் முன்னிலையில் வாதிடலாகாது.

1859 இல் அமெரிக்க நற்செய்தியாளரான பீபி பாமர் அம்மையார் வட இங்கிலாந்தில் கூட்டங்கள் நடத்தியபோது, சண்டர்லாந்தைச் சேர்ந்த ஆதர் ரீஸ் என்ற போதகர் அதனைக் கண்டித்துப் பிரசுரம் வெளியிட்டார். கருவுற்றிருந்த நிலையில் கதரின் எழுதிய மறுப்புப் பிரசுரம் இன்றும் படிக்கப்படுகிறது. பெண்கள் சபையில் பேசலாகாது எனக் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 14 ஆம் அதிகாரத்தில் பவுல் கட்டளையிடுகிறார். ஆனால் அதே நிருபத்தின் 11 ஆம் அதிகாரத்தில், பெண்கள் ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் உரைக்கும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார். பேசவே கூடாதென்றால் தலையை மூடிக்கொண்டு உரைப்பது எவ்வாறு? எனவே தடுக்கப்பட்டது ஒழுங்கைக் குலைக்கும் பேச்சேயன்றிப் போதனையன்று என அவர் வாதிட்டார். ஆண்களைக் குறிக்கும்போது ஊழியத்தலைவர் என்ற பொருளில் பெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல், பெபேயாள் என்ற பெண்ணைக் குறிக்கும்போது மட்டும் பணியாள் எனச் சுருங்கியதையும் அவர் எடுத்துக்காட்டினார். கூர்மையான வாசிப்பு. வேதநூலை மறுத்தல்ல, அதனை முழுமையாகப் படித்தே அவர் வழக்காடினார். வேதநூலைப் போற்றும் எந்தச் சமூகத்தவருக்கும் இம்முறையின் வலிமை விளங்கும்.

கேட்ஸ்ஹெட் நிகழ்ச்சியின் பின்னர் வில்லியம் நோயுற்றுப் பல வாரங்கள் ஓய்வில் இருந்தபோது, கணவரின் சபைப் பொறுப்புகளை மனைவியே நடத்தினார். 1861 இல் மெதடிஸ்த அமைப்பை விட்டு இருவரும் விலகினர். 1865 இல் இலண்டனுக்குக் குடிபெயர்ந்து, நகரின் கிழக்குப் பகுதியில் ஏழைகளிடையே வில்லியம் ஆரம்பித்த பணியே 1878 இல் இரட்சணிய சேனை எனப் பெயர் பெற்றது. ஏழைகளிடம் வருமானம் ஏது? வசதி படைத்தோர் வாழும் பகுதிகளில் கதரின் நிகழ்த்திய பிரசங்கங்களால் கிடைத்த பணமே அக்காலத்தில் குடும்பத்துக்குப் பெரும் ஆதாரமாயிற்று. எட்டுப் பிள்ளைகளின் தாய் அவர் என்பதையும் இங்கு மறந்துவிடலாகாது. பெண்கள் எப்பதவியும் வகிக்கலாம், கூட்டங்களில் பேசி வாக்களிக்கலாம் என 1870 இல் அவ்வியக்கம் விதி செய்தது. பிரித்தானியப் பாராளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க அதன்பின் 48 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1885 இல், சிறுமியரைப் பாதுகாக்கும் பொருட்டுப் பாலுறவுக்குச் சம்மதிக்கும் வயதை 13 இலிருந்து 16 ஆக உயர்த்தக் கோரிய போராட்டத்தில் கதரின் முன்னின்றார். விக்டோரியா மகாராணிக்கும் எழுதினார். சட்டமும் நிறைவேறியது.

எனினும் அவரது வாதத்தில் ஒரு கதவு மூடியே இருந்தது. ஆதியாகமத்தில் ஏவாளுக்கு விதிக்கப்பட்ட பணிவு, பாவத்தின் தண்டனையாக மனைவியர் மீது மட்டுமே விழுந்தது, பெண்ணினம் முழுவதன் மீதும் அல்ல என அவர் பிரித்துக் காட்டினார். சபையில் பெண்ணின் வாயைத் திறந்தது இப்பிரிப்புத்தான். ஆனால், இல்லத்தில் கணவனின் தலைமையை அது தொடாமலே விட்டது. உண்மையான அன்புள்ள இடத்தில் அத்தலைமை உறுத்தாது என்பது அவரது நம்பிக்கை. அவரது இல்லத்தில் அது பொருந்தியிருக்கலாம். எல்லா இல்லங்களுக்கும் அது பொருந்துமா? அவரே சேனையில் எப்பதவியும் ஏற்றதில்லை. சேனையின் தாய் என்றே அழைக்கப்பட்டார்.

1888 இல் மார்புப் புற்றுநோய் கண்டிருப்பதை வைத்தியர் தெரிவித்தபோது, கதரின் தனியே வீடு திரும்பிக் கணவரிடம் செய்தியைக் கூறினார். சத்திரசிகிச்சைக்கு அவர் இணங்கவில்லை. 1890 ஒக்டோபர் 4 இல் கிளக்டன் கடற்கரையூரில் காலமானார்.

அவர் திறந்துவிட்டவற்றையும் மூடியே விட்டவற்றையும் சேனையின் பின்னைய வரலாறு காட்டுகிறது. மகள் எம்மாவை மணந்து இந்தியாவில் பணியாற்றிய பிரெடெரிக் டக்கர், மனைவியின் குடும்பப் பெயரையும் ஏற்று பூத் டக்கர் ஆனார். 1883 இல் சேனை இலங்கைக்கும் வந்தது. மற்றொரு மகளான இவாஞ்சலின் 1934 இல் முதற் பெண் ஜெனரலாகத் தெரிவானார். ஆயினும் திருமணமான பெண் அதிகாரிகளின் பதவிநிலை 1990 களின் நடுப்பகுதி வரை கணவரின் பதவிநிலையையே தொடர்ந்து வந்தது. இவாஞ்சலினுக்குப் பின்னர் 1986 இல் ஈவா பரோஸ், 2011 இல் லிண்டா பொண்ட் ஆகிய இருவரும் ஜெனரல்களாயினர். இம்மூவருமே மணம் புரியாதவர்கள்.