ஆண்களைப் பூட்டிய கதை!

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் கல்யாண மகாலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நடுவே அடுக்கடுக்காக உயர்ந்த கோபுரம். சுற்றிலும் சிறு சிறு அறைகள். அரண்மனைப் பெண்கள் அங்கே வசித்ததாகச் சொல்வார்கள். மண் குழாய் வழியே மாடிக்குத் தண்ணீர் வந்தது. வசதிக்குக் குறைவில்லை. ஆனால், அதற்கு அப்பால் மதில்!

அந்த மதிலுக்குள் ஆண்களை அடைத்துவிட்டு, பெண்கள் வெளியே வந்து நாட்டை ஆண்டால் எப்படி இருக்கும்?

அப்படி ஒரு விஞ்ஞானக் கதை 1905-ல் சென்னையில் வெளிவந்தது. கமலா சத்தியநாதன் நடத்திய ஆங்கில மாதர் பத்திரிகை அதை அச்சிட்டது. எழுதியவர் வங்காளத்துப் பெண். பெயர் பேகம் ரொக்கையா.

மெழுகுவத்தி வெளிச்சம்

ரொக்கையா 1880-ல் ரங்கப்பூர் அருகே பாய்ராபந்து கிராமத்தில் பிறந்தார். தந்தை ஜமீன்தார். பெண்கள் வங்காளியும் ஆங்கிலமும் படிப்பது அவருக்குப் பிடிக்காது. சிறுமியாக இருந்தபோதே, வெளியார் கண்ணில் படாமல் ரொக்கையா ஒளிந்துகொள்ள வேண்டும்.

அண்ணன் இப்ராகிம் இரக்கமுள்ளவர். வீடு உறங்கிய பிறகு மெழுகுவத்தி ஏற்றி, தங்கைக்கு எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். திருட்டுப் படிப்புத்தான்!

பிறகு கல்யாணம். கணவர் சகாவத் உசேன் பாகல்பூரில் டிப்டி மாஜிஸ்திரேட். மனைவியைவிட மிகவும் மூத்தவர். ஆனாலும் எழுது, எழுது என்று ஊக்கம் கொடுத்தவர் அவரே.

ஒரு சமயம் அவர் சுற்றுப்பயணம் போயிருந்தார். தனியே இருந்த ரொக்கையா, பொழுதுபோக ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். அதுதான் ‘சுல்தானாவின் கனவு’. கணவர் திரும்பி வந்ததும், நின்றபடியே முழுவதையும் படித்தாராம். ஆண்களைப் பழி தீர்த்துவிட்டாள் என்று மெச்சினாராம்!

சூரியனே ஆயுதம்

கதையில் பெண்கள் விஞ்ஞானிகள். ஒரு கல்லூரி மேகத்திலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் இறக்குகிறது. இன்னொரு கல்லூரி வெயிலின் சூட்டைச் சேர்த்து வைக்கிறது. சமையலறையில் கரியும் இல்லை, புகையும் இல்லை. போக வர ஆகாய வண்டி.

எதிரிப் படை வருகிறது. ஆண்கள் தோற்றுக் களைத்து வீட்டுக்குள் போகிறார்கள். கல்லூரித் தலைவி 2,000 மாணவிகளோடு புறப்பட்டு, சேர்த்து வைத்த சூரிய வெப்பத்தை எதிரிமேல் திருப்புகிறாள். பகைவர் ஓட்டம்! உள்ளே போன ஆண்கள் மட்டும் திரும்ப வெளியே வரவில்லை. சமையலும் குழந்தையும் இனி அவர்கள் பாடு.

கூரையில் சூரியத் தகடு மாட்டியிருக்கும் இந்தக் காலத்தில் இது பெரிதாகத் தோன்றாது. அன்று மின்விளக்கே பல ஊர்களுக்கு எட்டவில்லை. பிரான்சின் ஜூல்ஸ் வெர்ன், இங்கிலாந்தின் வெல்ஸ் எழுதிய விஞ்ஞானக் கதைகளை உலகம் ஆவலோடு படித்த காலம் அது.

எட்டுப் பெண்கள்

1909-ல் கணவர் காலமானார். பெற்ற இரண்டு குழந்தைகளும் முன்பே இறந்துவிட்டன. அவர் விட்டுப்போன பணத்தில் ரொக்கையா பாகல்பூரில் பெண்கள் பள்ளி தொடங்கினார். சொத்துத் தகராறு அவரை ஊரைவிட்டே கிளப்பியது. 1911-ல் கல்கத்தாவில் மறுபடி தொடங்கினார். மாணவிகள் எட்டே பேர்!

வீடு வீடாகப் போய்ப் பெண்களை அனுப்பும்படி கெஞ்சினார். பள்ளி வண்டியை முழுக்க மூடினால், காற்றில்லாமல் சிறுமிகள் மயங்கினர். திரை போட்டால், திரை காற்றில் ஆடுகிறது என்று வசைக் கடிதம் வந்தது. கதையில் ஆகாய வண்டி விட்டவருக்கு நிஜத்தில் இந்தப் பாடு!

1932 டிசம்பர் 9-ந் தேதி அவர் காலமானார். முதல் நாள் இரவுகூட எழுதிக்கொண்டிருந்தார். பெண்களின் உரிமை பற்றிய அந்தக் கட்டுரை பாதியில் நின்றது. பள்ளி நிற்கவில்லை. சகாவத் பெயரோடு, அரசுப் பெண்கள் பள்ளியாகக் கொல்கத்தாவில் நடக்கிறது.