லண்டனுக்குக் கடல் செய்தவர்

பிள்ளைகளே, நோர்பரி லண்டன் ரோட்டில் தெற்குப் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தால் எந்த ஊர் வரும்? பிரைட்டன்! அங்கே கடல் இருக்கு. நோர்பரியில் கடல் இல்லை. ஆனாலும் இங்கே வீட்டுக்குள்ளேயே கடல் மீன் வளர்க்கலாம். எப்படித் தெரியுமா? கடல் தண்ணீரை நாமே செய்யலாம். அதைச் செய்து காட்டியவர் பிலிப் ஹென்றி கோஸ். அவருடைய கதையைப் படிப்போமா?

கோஸ் 1810-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். பூல் என்னும் துறைமுக ஊரில் வளர்ந்தார். வீட்டில் வசதி குறைவு. ஆனால் அவருக்கு ஓர் அருமையான அத்தை இருந்தார். கடற்கரையில் கிடைக்கும் கடல் சாமந்தியை அத்தைதான் அவருக்குக் காட்டினார். பார்க்கப் பூ மாதிரி இருக்கும். ஆனால் அது ஒரு விலங்கு! அதைக் கடல் தண்ணீரில் வைத்து வளர்க்கலாம் என்றும் அத்தை சொல்லிக்கொடுத்தார்.

17 வயதில் கோஸ் கப்பல் ஏறி நியூஃபவுண்ட்லாந்துக்கு வேலைக்குப் போனார். அலுவலகத்தில் கணக்கு எழுதினார். வேலை முடிந்ததும் பூச்சிகளைக் கூர்ந்து பார்த்தார், படம் வரைந்தார். பல வருடங்களுக்குப் பிறகு லண்டனில் இருந்து புத்தகங்கள் எழுதினார்.

1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்காக ஒரு கண்ணாடி வீடு திறந்தார்கள். அதற்குக் கடல் உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் கோஸும் ஒருவர். ஆனால் ஒரு சிக்கல். கடல் தண்ணீரைப் பீப்பாயில் லண்டனுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குச் செலவு அதிகம். தண்ணீர் இல்லாவிட்டால் உயிர்கள் செத்துப்போகும்.

கோஸ் யோசித்தார். பிரைட்டன் கடல் தண்ணீரில் என்னென்ன உப்பு இருக்கு என்று ஷ்வைட்சர் என்பவர் முன்பே கண்டுபிடித்திருந்தார். அந்தக் கணக்கை வைத்து 1854-இல் கோஸ் தண்ணீர் செய்தார். சுமார் 100 கிராம் சாப்பாட்டு உப்பு, 7 கிராம் எப்சம் உப்பு, 13 கிராம் மக்னீசியம் குளோரைடு, இரண்டரை கிராம் பொட்டாசியம் குளோரைடு. இவற்றை நாலரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீரில் கரைத்தார். உடனே விலங்குகளை விடவில்லை. முதலில் கடற்பாசி ஒட்டிய கற்களைப் போட்டார். பாசி நன்றாக இருந்தது. பிறகுதான் விலங்குகளை விட்டார். அவை பிழைத்தன!

இப்போது கடைகளில் இந்த உப்புக் கலவை பாக்கெட்டில் கிடைக்குது. ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினை முதலில் நீக்கணும். நன்றாகக் கலக்கணும். உப்பு சரியா இருக்கா என்று அளந்து பார்த்த பிறகுதான் மீனை விடணும். அம்மாவின் சமையல் உப்பு மட்டும் போதாது!

கோஸ் எழுதிய புத்தகத்தைப் படித்து ஆயிரக்கணக்கானோர் வீட்டில் தொட்டி வைத்தார்கள். ஆனால் அவர்கள் கடற்கரைக்குப் போய், பாறைக் குளங்களில் இருந்த உயிர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார்கள். கோஸ் ஆசையாகப் பார்த்த குளங்கள் காலியாகின. அதைக் கண்டு அவர் மிகவும் வருந்தினார். 1888-இல் காலமானார்.

நீங்க பிரைட்டனுக்குப் போனால், கல்லைத் தூக்கி அடியில் என்ன இருக்கு என்று பாருங்க. பார்த்த பிறகு அந்தக் கல்லை மெதுவாகத் திரும்ப வைச்சிடுங்க.