'பென்ஷன்' வாங்குறவர் துரோகியா? அப்படி எழுதிய ஜான்சனுக்கே வந்த சோதனை!

'கம்ப்யூட்டர்' என்ற சொல்லுக்கு 1755-ல் வந்த ஆங்கில அகராதியில் என்ன பொருள் தெரியுமா? கணக்குப் போடும் ஆள்! அப்போ அது மெஷின் இல்லை, மனுஷன் பார்த்த வேலை. அந்த அகராதியை எழுதியவர் சாமுவேல் ஜான்சன்.

1709-ல் இங்கிலாந்தின் லிச்ஃபீல்டில் புத்தக வியாபாரியின் மகனாகப் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தும், காசில்லாமல் பட்டம் வாங்காமலே வெளியேறினார்.

1746-ல் லண்டன் பதிப்பாளர்களுடன் ஒப்பந்தம். மூணு வருஷத்தில் முடிப்பதாகச் சொன்னார். ஆனது சுமார் ஒன்பது வருஷம். நடுவில் மனைவியையும் இழந்தார்.

ஆங்கிலத்தை மாறவிடாமல் நிறுத்தணும் என்பதுதான் ஆரம்பத்தில் அவர் எண்ணம். ஆனால், எழுத்தாளர்கள் சொற்களை எப்படிக் கையாண்டார்கள் என்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்களைத் திரட்டியபோது உண்மை புரிந்தது. மொழியைப் பூட்டி வைக்க முடியாது என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டார். அகராதி எழுதும் தன் தொழிலையே, யாருக்கும் கெடுதல் செய்யாத வெறும் மாடாய் உழைக்கிற வேலை என்று கிண்டலடித்தார்.

வம்பு 'பென்ஷன்' வடிவில் வந்தது. நாட்டுக்குத் துரோகம் செய்ய அரசு தரும் கூலி என்று அதற்குப் பொருள் எழுதியிருந்தார். அகராதியால் பேர் வந்தது, பணம் நிற்கவில்லை. 1756-ல் கடனுக்காகக் கைதானார்.

1762-ல் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அவருக்கே வருஷம் 300 பவுண்ட் பென்ஷன் அறிவித்தார். வாங்கினால் கேலி, மறுத்தால் வறுமை! இது செய்த பணிக்குத்தான், இனி அரசுக்காக எதுவும் செய்ய வேண்டாம் என்று பிரதமர் பூட் உறுதி சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார். கேலியும் தப்பவில்லை.

1784-ல் மறைந்தார். இன்று பென்ஷன் என்றால் உழைத்து ஓய்ந்தவரின் உரிமை. ஜான்சன் கடைசியில் ஒப்புக்கொண்டதும் அதுதான்: சொல் அப்படியே இருக்கும், பொருள் மாறிக்கிட்டே இருக்கும்.