நேரத்துக்கு வந்த பஸ்: யார் இந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார்?

விமானத்தில் சின்ன ரிப்பேர் பார்த்தாலும் லாக்புக்கில் எழுதி, பொறுப்பானவர் கையெழுத்து போட்டால்தான் அது மறுபடி பறக்கும். பஸ்ஸுக்கு அப்படியெல்லாம் யாரும் கேட்காத காலத்தில், அதே கறாரை ரோட்டுக்குக் கொண்டுவந்தவர் நாங்குநேரி பக்கத்து திருக்குறுங்குடிக்காரர்.

1877-ல் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார், அப்பா சொல்லி வக்கீல் ஆனார். அப்புறம் ரயில்வே, பேங்க். எல்லாத்தையும் விட்டுட்டு 1912-ல் பஸ் விட்டார்.

அப்போ ரோடு முழுக்க மாட்டு லாட ஆணி. பஞ்சரானால் டைம் போச்சு. அதனால் காந்தம் கட்டின வண்டியை ஓட்டி ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்பார்கள். பஞ்சர் ஒட்டுறதை விட, பஞ்சரே வராமல் பார்த்துக்கிறது. மெயின்டனன்ஸ்னா இதுதானே! டி.வி.எஸ் பஸ்ஸைப் பார்த்து மதுரைக்காரங்க கடிகாரத்தில் மணி திருத்துவாங்கன்னு பெருசுகள் இன்னிக்கும் சொல்றதுண்டு.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. கரியிலிருந்து காஸ் எடுக்கும் பிளான்ட் தயாரித்து பஸ்களை ஓட்டினாங்க. தேய்ந்த டயருக்கு ரீட்ரெடிங் போட்டாங்க.

1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் அவர் காலமானபோது, நிர்வாகம் ஏற்கெனவே மகன்கள் கைக்குப் போயிருந்தது.