மண்ணைக் காத்த தலைவர் சுகுனா

பசிபிக் மாகடலின் தென்பாற் சிதறிக் கிடக்கும் முந்நூற்றுக்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்டது பீஜி நாடு. அந்நாட்டார் தம் தலைவருள் முதன்மை தந்து போற்றுபவர் இராத்து சர் லாலா சுகுனா. ‘இராத்து’ என்பது ஆங்குக் குடித்தலைவர் பெயர்க்கு முன் வழங்கும் சிறப்புச் சொல். சிறியதோர் இனம் பேரரசொன்றின் கீழ் வாழ்ந்தும் தன் நிலத்தை எங்ஙனம் இழவாது நின்றது என்பதை இவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துமாகலின், அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சுகுனா 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பௌத் தீவின் தலைவர் குடியிற் பிறந்தார். இவர்தம் பாட்டனார் இராத்து மாரா, தம் உறவினராகிய தக்கோம்பௌ என்னும் பெருந்தலைவரை எதிர்த்தமையால் 1859இல் தூக்கிலிடப்பட்டவர். பின்னர் 1874இல் அத்தக்கோம்பௌவும் ஏனைத் தலைவரும் நாட்டை விக்டோரியா அரசியாரிடம் ஒப்படைத்தனர். உட்பகையால் உயிரிழந்தவரின் பேரரே பிற்காலத்தில் தலைவர் அனைவரையும் ஒரு கருத்தினராக்கினார் என்பது நாம் நினைவிற் கொள்ளற்பாலது.

இளமையிற் சார்லஸ் ஆண்டுரூ என்னும் ஆங்கிலிக்கன் திருச்சபைக் குருவானவரிடம் பயின்ற சுகுனா, நியூசிலாந்தின் வாங்கனூயிப் பள்ளியிற் கற்று, 1907இல் அரசாங்க எழுத்தராக அமர்ந்தார். 1913இல் வரலாறு கற்குமாறு ஆக்ஸ்போர்டின் வாதம் கல்லூரியை அடைந்தார். அடுத்த ஆண்டே பெரும்போர் மூண்டது. உடன் பயின்றோர் படையிற் சேர்வது கண்டு தாமும் சேர விழைந்தார். ஆங்கிலப் படையோ அவர்தம் நிறங் கருதி அவரை ஏற்க மறுத்தது. அதற்கு மனந்தளராத சுகுனா பிரான்சு சென்று அந்நாட்டின் வெளிநாட்டார் படையிற் சேர்ந்தார். 1915இல் சாம்பேன் போர்க்களத்திற் புண்பட்டார். பிரெஞ்சு அரசு அவர்க்கு ‘மெதாய் மிலித்தேர்’ என்னும் வீரப் பதக்கம் அளித்தது. தாயகம் மீண்டவர், 1917இல் பீஜியத் தொழிற்படையினருடன் மீண்டும் பிரான்சு சென்று பணிபுரிந்தார். போர் முடிந்தபின் விட்ட கல்வியைத் தொடர்ந்து, பட்டமும் வழக்கறிஞர் தகுதியும் பெற்று 1921இல் நாடு திரும்பினார். பீஜியருள் முதன்முதற் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் இவரே.

இனி அவர்தம் பெரும்பணியைக் காண்பாம். பீஜியர் நிலம் தனியொருவர்க்கு உரியதன்று. ‘மத்தங்கலி’ என்னும் குலக்கூட்டத்திற்குப் பொதுவானது. நிலத்தை விற்கலாகாது என ஆளுநர் கார்டன் தொடக்கத்திலேயே தடுத்திருந்தார். கரும்புத் தோட்டங்கட்கு ஆள் வேண்டியிருந்தமையால், 1879 முதல் 1916 வரை 60,000க்கு மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொணரப்பட்டனர். 1903 முதற் சென்னைத் துறைமுகத்தினின்றும் கப்பல்கள் சென்றமையால் நம் தமிழரும் அவருட் பலராயினர். ஒப்பந்தம் முடிந்தும் பெரும்பாலோர் அங்கேயே தங்கிக் குத்தகை நிலத்திற் கரும்பு பயிரிட்டனர். குத்தகையோ குலத்திற்குக் குலம் வேறுபட்டது. நாளை நிலம் தன் கையில் இருக்குமோ என உழுபவன் அஞ்சினான். வந்தவர் கையில் யாவும் போய்விடுமோ என உடையவன் அஞ்சினான்.

இவ்விரு அச்சமும் நீங்க வழி கண்டவர் சுகுனா. நில ஆணையராய் ஊர்தோறும் சென்று, முதியோர் வாய்மொழி கேட்டு, எந்நிலம் எக்குலத்திற்கு உரியது என்பதைப் பல்லாண்டு ஆராய்ந்து பதிவு செய்தார். 1936இல் தலைவர் பேரவையில் எழுந்து, நமக்கு வேண்டிய நிலத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, எஞ்சியதைக் குத்தகைக்கு விடும் அதிகாரத்தைப் பொதுப் பொறுப்பில் விடுதலே நமக்கும் நாட்டிற்கும் நலம் என எடுத்துரைத்தார். தலைவர்கள் இசைந்தனர். தம் கையதிகாரத்தைத் தாமே விட்டுக்கொடுக்கும்படி தலைவர்களை இசைவித்தல் எளிதோ? 1940இல் அதன்படி சட்டம் பிறந்தது; நிலப் பொறுப்பாளர் வாரியம் அமைந்தது.

இரண்டாம் உலகப் போரிற் குருதி சிந்தினாலன்றி நம்மை உலகம் மதியாது என்னும் கருத்தினராய் இளைஞரைப் படைக்குத் திரட்டினார். 1946இல் ‘சர்’ பட்டம் பெற்றார். தம் உறவினராகிய கமிசேசே மாராவை மருத்துவக் கல்வியினின்று விலக்கித் தாம் பயின்ற கல்லூரிக்கே அனுப்பினார். 1970இல் நாடு விடுதலையுற்றபோது முதலமைச்சராய் விளங்கியவர் அம்மாராவே. சட்டமன்றத்தின் முதற் சபாநாயகராகவும் வீற்றிருந்த சுகுனா, இங்கிலாந்து நோக்கிக் கப்பலிற் செல்கையில் 1958 மே 30ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் உடல் லக்கேம்பாத் தீவில் அடக்கம் செய்யப்பட்டது.

குறையும் கூறுதல் நடுநிலைமையாகும். பீஜியர்க்குத் தலைவராட்சியே தக்கதென்று எண்ணிய சுகுனா, வாக்குரிமைக்கு விரையவில்லை; அம்மக்கள் முதன்முறை வாக்களித்தது அவர் மறைந்த ஐந்தாண்டிற்குப் பின், 1963இலேயாம். அவர் வகுத்த முறை உடையவர்க்கு உரிமையைக் காத்தது. உழுபவர்க்கோ காலவரையறைக்கு உட்பட்ட குத்தகையையே தந்தது. 1997 முதற் குத்தகைகள் பல முடிவுற, தலைமுறை தலைமுறையாக உழுத குடும்பங்கள் பல நிலம் விட்டு நீங்க நேர்ந்தது.

எனினும் இன்றும் பீஜி நிலத்தில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்ட பங்கு அந்நாட்டுக் குலங்கட்கே உரியது. 2010இல் நீக்கப்பட்ட சுகுனா நினைவு நாள் விடுமுறை 2023இல் மீண்டும் ஏற்கப்பட்டது. வாளெடுத்துப் பெற்ற புகழினும், ஊர்தோறும் நடந்து எழுதிய நிலப்பதிவே அவரை நிலைநிறுத்திற்று. அவர் காத்த மண்ணில் உடையவரும் உழுபவரும் ஒருங்கே அச்சமின்றி வாழும் வழியைக் காண்டல், அவர்க்குப் பின் வந்தோர் கடனாக எஞ்சி நிற்கின்றது.