பத்திரிகாசிரியர் தாமோதரம்பிள்ளை

சி. வை. தாமோதரம்பிள்ளை என்றதும் தொல்காப்பியமும் கலித்தொகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. செல்லரித்த ஏடுகளைத் தேடி அச்சேற்றிய பெரியார் என்றே பாடசாலையிலும் அவரைப் பற்றிப் படித்தோம். அவர் பத்திரிகாசிரியராகவும் விளங்கினார் என்பதை எடுத்துரைப்போர் சிலரே. பத்திரிகைத் துறையிற் புக விரும்பும் இளைஞர் நம்மிடையே பலர் உளர். அதற்கு என்ன படிக்கவேண்டும் என்று வினவும் அன்னார்க்குப் பிள்ளையவர்களின் சரிதம் பெரிதும் பயன்படும்.

1832ஆம் ஆண்டு புரட்டாதித் திங்களில், சிறுப்பிட்டியில் வைரவநாதபிள்ளைக்கு மைந்தராய்ப் பிறந்தார். தந்தையாரிடம் தமிழைத் தொடங்கி, சுன்னாகத்திற் புகழ்பெற்றிருந்த முத்துக்குமாரக் கவிராயரிடம் இலக்கிய இலக்கணங்களைக் கற்றார். தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்றபின் வட்டுக்கோட்டைச் செமினரியிற் சேர்ந்தார். அங்கே தமிழும் ஆங்கிலமும் மட்டுமன்றிக் கணிதம், வானசாஸ்திரம், தருக்கம், சரித்திரம் என்பனவும் போதிக்கப்பட்டன. செய்தி எழுத மொழிப்பயிற்சி ஒன்றே போதும் என்று எண்ணுவோர் இப்பாடத்திட்டத்தைச் சற்று உற்றுநோக்குவாராக. கணக்கறியாதவர் அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி எங்ஙனம் எழுதுவர்? தருக்கம் பயிலாதவர் அரசியல்வாதியின் பேச்சிலுள்ள ஓட்டையை எங்ஙனம் காண்பர்? அக்காலத்தில் மிஷனாரின் உதயதாரகைப் பத்திரிகையும் 1841 முதல் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்துகொண்டிருந்தது.

செமினரியை விட்டபின் கோப்பாயில் ஆசிரியரானார். இருபதுகளின் தொடக்கத்திலேயே நீதிநெறி விளக்கத்தை உரையுடன் பதிப்பித்தார். முன்னர் யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்து, நாவலரவர்களைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பேர்சிவல் பாதிரியார், 1855இல் சென்னையில் தினவர்த்தமானியைத் தொடங்கியிருந்தார். பெயரிலே தினம் இருந்தாலும் அது வாரந்தோறும் வந்த பத்திரிகையே. அதனை நடாத்தப் பாதிரியார் பிள்ளையவர்களை அழைத்தார். இரண்டு மொழிகளிலும் வல்லவராயும், நூலொன்றைப் பிழையற அச்சிட்டுக் காட்டியவராயும் இருந்தமையே இவ்வழைப்புக்குக் காரணமாயிருக்கலாம். சான்றிதழிலும் பார்க்கச் செய்துகாட்டிய வேலையே அவருக்குக் கதவைத் திறந்தது என்று கருதுகிறேன்.

ஆயினும் அவர் சான்றிதழை வெறுத்தவரல்லர். சென்னைச் சர்வகலாசாலை 1857இல் முதன்முதலாக நடாத்திய பி. ஏ. பரீட்சையிற் சித்தியெய்தினார். அவருடன் சித்தியெய்திய கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டை தந்தவரே. பின்னர்க் கள்ளிக்கோட்டையில் ஆசிரியப் பணி, சென்னையிற் கணக்குப் பகுதி உத்தியோகம், 1871இல் பி. எல். பட்டம், கும்பகோணத்தில் வழக்கறிஞர் தொழில், புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவி என வாழ்வு விரிந்தது.

பத்திரிகையில் அவர் இருந்தது சில ஆண்டுகளே. எனினும் நல்ல பத்திரிகாசிரியனுக்குரிய குணம் அவருடைய பதிப்புக்களிலே நன்கு புலப்படுகின்றது. ஒரே நூலுக்குப் பல ஊர்களிலிருந்தும் ஏடுகளை வருவித்து ஒப்புநோக்குவார். ஓர் ஏட்டை மட்டும் நம்பி முடிவு செய்யார். ஒருவர் வாய்மொழியை மட்டும் கேட்டு அன்றைக்கே செய்தியாக்கும் இக்காலத்தார் இதனைக் கவனிப்பது நன்று. 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தை வெளியிட்டபோது நாவலரவர்களின் பரிசோதனையை நாடினார். தன்னினும் வல்லார் கையில் தன் வேலையைத் திருத்தக் கொடுப்பது எளிதன்று. பட்டதாரிகளுக்கு அது இன்னும் கடினம்! 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என்பன தொடர்ந்து வந்தன.

மிஷன் பாடசாலையில் ஞானஸ்நானப் பெயருடன் வளர்ந்தவர் பிற்காலத்திற் சைவராகவே வாழ்ந்தார். சைவ மகத்துவம் என்னும் நூலும் இயற்றினார். யானும் மிஷன் கல்லூரியொன்றிற் படித்தவனாதலின் இது என்னைப் பெரிதும் கவர்ந்தது. கற்ற ஆங்கிலத்தையும் தருக்கத்தையும் அவர் துறக்கவில்லை. அவற்றைக்கொண்டே தமிழுக்கும் சமயத்துக்கும் உழைத்தார். ஏழாலையிலே சைவப் பாடசாலையொன்றையும் நிறுவினார். 1895இல் அரசினர் ராவ்பகதூர் பட்டம் வழங்கினர். பழைய நூல்களைப் பரிசோதிக்கும் பணியை முதுமையிலும் விடாதிருந்த பிள்ளையவர்கள், 1901ஆம் ஆண்டு தை முதலாந் திகதி சென்னையிற் சிவபதம் எய்தினார்.