ஐந்து மைல் எல்லை

1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த லாரி பேக்கர் கட்டடக்கலை பயின்றவர். போர்க்காலத்தில் சீனத்தில் மருத்துவத் தொண்டாற்றித் தாயகம் திரும்புகையில், மும்பையில் கப்பலுக்குக் காத்திருந்த நாள்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்டவேண்டும் என்னும் அடிகளின் கருத்து அவர் நெஞ்சில் வேரூன்றியது. 1945இல் இந்தியாவுக்கே வந்துவிட்டார்.

இமயமலைப் பகுதியான பித்தோராகரில், மருத்துவரான மனைவி எலிசபெத்துடன் பல்லாண்டுகள் வாழ்ந்தார். கல்லூரிக் கல்வி அங்கே கைகொடுக்கவில்லை. கல்லும் மண்ணும் மரமும் கொண்டு ஊரார் எழுப்பிய வீடுகளே குளிரைத் தாங்கின. கட்டடக்கலைஞர் மீண்டும் மாணவரானார்.

பின்னர்த் திருவனந்தபுரத்தின் பாறைச் சரிவொன்றில் தமக்கென எழுப்பிய இல்லத்தில், இடிக்கப்பட்ட வீடுகளின் கதவுகளும் மரங்களும் மறுவாழ்வு பெற்றன. சுவரில் பதித்த கண்ணாடிப் புட்டிகள் வண்ண ஒளி சிந்தின. செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையை அவர் பரப்பினார். செங்கல் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. இடையில் அடைபட்ட காற்று வெயிலின் வெம்மையையும் தடுத்தது. கூரைக் காங்கிரீட்டினுள் பழைய ஓடுகளைப் பொதிந்து சிமெண்டைச் சேமித்தார். துளைகள் விட்ட செங்கற்சுவரே சாளரமாயிற்று.

மலிவானது நிலைக்குமா என ஐயுற்றோர் பலர். 1970களில் அவர் அந்நகரில் அமைத்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் பூச்சில்லாத செங்கற்கட்டடங்களில் இன்றும் மாணவர்கள் பயில்கின்றனர்.